ஞாயிற்றுக்கிழமை நளன்

வாரத்தில் ஆறு நாளும் அவருக்குச் சமையலறை என்பது குளிர்ந்த தண்ணீர் எடுக்கப் போகிற இடம். ஏழாம் நாள் காலை ஆறரை மணிக்குக் கைலியை மடித்துக் கட்டி, துணிப்பையை ஒரு உதறு உதறி, நடு ஹாலில் நின்று அறிவிப்பார்: "இன்னைக்குக் கொத்துக்கறி. ஒருத்தரும் கிச்சன் பக்கம் வரக் கூடாது." வருவதற்கு அங்கே யாரும் தயாராக இல்லை. பிள்ளைகள் பத்து மணிக்கு முன்னால் கண் திறப்பதில்லை. மனைவி மட்டும் போர்வைக்குள்ளிருந்தே, "இஞ்சி தீந்துடுச்சு, வரும்போது வாங்கிட்டு வாங்க" என்பார். அறிவிப்பின் கம்பீரம் அங்கேயே பாதி போய்விடும்.

இவரை உங்களுக்குத் தெரியும். தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் மாடிக்கு ஒருவர். வயது நாற்பத்தைந்துக்கு மேல், அறுபதுக்குள். வங்கியிலோ மின்வாரியத்திலோ நல்ல உத்தியோகம். டாக்டர் கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டைக் காட்டி, "கறியைக் குறைங்க" என்று சொன்ன மறுவாரம்தான் பெரும்பாலும் இவருக்குள் இருக்கிற சமையல்காரர் விழித்துக்கொள்கிறார். ஹோட்டல் கறிதானே கெடுதல், வீட்டுக் கறி எப்படிக் கெடுதலாகும் என்பது அவருடைய சித்தாந்தம்.

இத்தனை கறி வகை இருக்க, கொத்துக்கறியில் ஏன் கை வைக்கிறார்? பிரியாணி குழைந்தால் ஊருக்கே தெரிந்துவிடும். குழம்பு வைத்தால் அம்மா வைத்த குழம்போடு ஒப்பிடுவார்கள். அந்தப் போட்டியில் எந்த மகனும் ஜெயித்ததில்லை. மீன் உடைந்துவிடும். கொத்துக்கறியோ உடைந்த நிலையிலேயே வீட்டுக்கு வருகிறது. இதற்கு மேல் அதில் கெடுப்பதற்கு என்ன இருக்கிறது என்று தோன்றும். "பொடிப் பொடியா இருக்கு, அஞ்சு நிமிஷத்துல வெந்துடும்" என்பது எல்லா ஞாயிற்றுக்கிழமை நளர்களும் முதல் வாரத்தில் சொல்லும் வாசகம்.

அங்கேதான் கறி அவரைப் பிடித்துக்கொள்கிறது. எலும்புக்கறி என்றால் மஜ்ஜையும் சாறும் இறங்கி, சமைக்கிறவர் செய்த பாதித் தப்பை மூடி மறைத்துவிடும். கொத்துக்கறியில் எலும்பு கிடையாது. எந்தத் துண்டை வாங்கினோம், எவ்வளவு ஈரத்தோடு சட்டியில் போட்டோம், அடுப்பு முன்னால் எவ்வளவு நேரம் நின்றோம் என்ற மூன்றும் ஒவ்வொரு கவளத்திலும் தெரிந்துவிடும். மூன்றாவதுதான் தலையாயது. நம்மவருக்கு அதில்தான் கஷ்டம். நிற்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்வார்.

கறிக்கடையிலிருந்து தொடங்குவோம். மற்றவர்கள், "முக்கால் கிலோ பாய், கொஞ்சம் ஈரல் சேத்து" என்று ஒரே மூச்சில் காரியத்தை முடித்துக்கொண்டு போகிறார்கள். இவர் முறை வந்ததும் தொங்குகிற ஆட்டை மேலும் கீழும் பார்ப்பார்.

"வெள்ளாடுதானே பாய்?"

"வாலைப் பாருங்க சார்."

வாலில் எதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. ஆனாலும் பார்த்துவிட்டுத் தலையாட்டுவார்.

"தொடைக்கறி அரைக் கிலோ. கொழுப்பு ஒரு பொட்டு இருக்கக் கூடாது."

"கொஞ்சம் இருக்கட்டும் சார். கைமாவுக்கு அதான் ருசி."

"வேண்டாம் பாய், டாக்டர் சொல்லியிருக்கார்."

"அப்பக் கோழி வாங்கிட்டுப் போங்க சார்."

பாய் கோபத்தில் சொல்லவில்லை. தொழில் தெரிந்து சொன்னார். ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு கலந்திருந்தால்தான் கொத்துக்கறி வெந்த பிறகும் மிருதுவாக இருக்கும். வெறும் சதையை மட்டும் கொத்திப் போட்டால் வாயில் மரத்தூள்தான். ரம்ஜான் மாதம் முழுக்க நோன்புக் கஞ்சிக்குக் கைமா கொத்திக் கொடுக்கிற மனிதருக்கு இது தெரியாமல் இருக்குமா? ஆனால் நம்மவர் கையில் லேப் ரிப்போர்ட் இருக்கிறது. ரிப்போர்ட்டே ஜெயிக்கும்.

அடுத்து பாய் கேட்பார்: "கையால கொத்தவா, மிஷின்ல போடவா?" சாதாரணக் கேள்விதான். நம்மவருக்கு அது மேடை. அக்பர் காலத்தில் மிஷின் ஏது என்று ஆரம்பிப்பார். அபுல் ஃபசல் எழுதிய அயினி அக்பரியில் அரண்மனைச் சமையல் பட்டியலே இருக்கிறது, அதில் கீமா புலாவும் உண்டு, அதெல்லாம் கையால் கொத்தியதுதான் என்று கத்தி ஓங்கிய பாயை நிறுத்தி வைத்துச் சொல்வார். பின்னால் ஒயர் கூடையோடு நிற்கிற பாட்டி, "தம்பி, நான் கால் கிலோ ஈரல் வாங்கிட்டுப் போயிடறேன். அப்புறம் நீங்க அக்பர் கதையைச் சொல்லுங்க" என்று குறுக்கே புகுந்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

கையால் கொத்துவதில் விஷயம் இல்லாமல் இல்லை. புளியமரக் கட்டையின் மேல் கத்தி ஏறி இறங்கும்போது கறி பெரிதும் சிறிதுமாக நறுங்கும், நசுங்காது. கடித்தால் கறி என்று தெரியும். மிஷினில் ஒரே ஒருமுறை, பெரிய துளையுள்ள தட்டில் விட்டால் அதுவும் பழுதில்லை. இரண்டு தரம் விட்டால் பசையாகி, சட்டியில் ஒட்டிக் கட்டிக் கட்டியாக நிற்கும். பாய் இதையெல்லாம் சொல்வதில்லை. கொத்தி, வாழையிலையில் சுற்றி, பையில் போட்டு, "அடுத்து யாரு?" என்பார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் நெருக்கடி தண்ணீர்க் குழாயடியில் வரும். தமிழன் கழுவாத கறியைச் சாப்பிட மாட்டான். ஆனால் கொத்திய கறியை எப்படிக் கழுவுவது? கையில் அள்ளினால் விரல் இடுக்கில் ஓடுகிறது. காபி வடிகட்டி கண்ணில் படும், எடுத்துவிடுவார். வடிகட்டியின் வழியே கறியின் சாறும் சத்தும் இளஞ்சிவப்புத் தண்ணீராக சாக்கடைக்குப் போகும். அதற்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீர் கறிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மனைவி எட்டிப் பார்ப்பார்.

"முழுசா வாங்கி, கழுவி, தண்ணி வடியவிட்டு, அப்புறம் கொத்தச் சொல்லணும்ங்க."

"தெரியும், தெரியும்" என்பார் நம்மவர். வடிகட்டியை மறைக்கப் பார்ப்பார். மறுநாள் காலை காபியில் சன்னமாக ஆட்டு வாசனை வரும்போது அந்த வீட்டில் ஒருவரும் பேசிக்கொள்வதில்லை.

இந்த அறிவுரை அவருக்குள் ஒரு வாரம் ஊறி, அடுத்த வாரம் வேறு உருவத்தில் வெளிப்படும்: "நாமே கொத்தினா என்ன?" இணையத்தில் கறி அரைக்கும் மிஷின் ஒன்று வரும். தள்ளுபடியில்தான் வாங்கினாராம். ஜவ்வை நீக்காமல் உள்ளே போடுவார். ஜவ்வு கத்தியில் சுற்றிக்கொண்டு மிஷின் முனகும். பிறகு அது பரணுக்குப் போகும். பரணில் ஏற்கெனவே இட்லிமாவு கிரைண்டர் ஒன்று, பழரசக் கருவி ஒன்று, உடற்பயிற்சிச் சக்கரம் ஒன்று அதற்காகக் காத்திருக்கின்றன. அவசரத்துக்கு மிக்ஸியை எடுப்பார். மிக்ஸி ஒரு சுற்றில் கறியை விழுதாக்கிக் கொடுத்துவிடும். கோலா உருண்டைக்கு அந்த விழுது சரி. பொட்டுக்கடலை மாவு சேர்த்து உருட்டிப் பொரிக்கலாம். கொத்துக்கறிக்கு ஆகாது. நம்மவர் விட்டுவிடுவாரா? "அப்ப இன்னைக்குக் கோலா" என்று திட்டத்தையே மாற்றுவார். விழுதில் ஈரம் அதிகம், கடலை மாவு குறைவு என்பதை உருண்டைகள் எண்ணெய்க்குள் போய்க் கலைந்த பிறகு தெரிந்துகொள்வார்.

இவருக்கு ஆசான்கள் பலர். எல்லோரும் கைப்பேசிக்குள் இருக்கிறார்கள். இரவு பதினொரு மணிக்குப் போர்வைக்குள் நீல வெளிச்சத்தில் உலகத்துக் கைமா எல்லாம் அவர் முன்னால் வேகும். மும்பையில் 1904-இல் தொடங்கிய கியானி என்ற இரானிக் கடையின் கீமா பாவ். ஹைதராபாத்தின் சதுரமான லுக்மி. லக்னோவின் டுண்டே கபாப். அந்தக் கடை 1905-இலிருந்து இருக்கிறது, மசாலாவில் 160 சரக்கு சேருகிறது என்று ஊரில் ஒரு பேச்சும் இருக்கிறது. அந்த எண்ணைக் கேட்ட நாளில் நம்மவர் தூங்கவில்லை. விடிந்ததும் மனைவியிடம், "நம்ம வீட்டுல எத்தனை மசாலா இருக்கு?" என்றார்.

"அஞ்சறைப் பெட்டியில அஞ்சு இருக்கு."

லக்னோ கபாபில் பப்பாளிக்காய் அரைத்துப் போடுவார்கள், அதனால்தான் அது வாயில் வைத்ததும் கரைகிறது என்று படித்தார். பப்பாளிக்காயில் உள்ள பப்பைன் என்கிற நொதி கறியின் புரதத்தை உடைக்கும் என்பது சரிதான். அளவாகப் போட்டுக் கொஞ்ச நேரம் வைத்தால் போதும். நல்ல காரியம் கூடுதலாக நடக்கட்டும் என்று நம்மவர் தாராளமாக அரைத்துப் போட்டு இரவு முழுக்க வைத்தார். காலையில் பாத்திரத்தைத் திறந்த மகள், "அப்பா, இது என்ன கூட்டு?" என்றாள்.

லாகூரில் கட்டாகட் என்று ஒன்று உண்டு. ஆட்டு மூளை, சிறுநீரகம், இதயம் எல்லாவற்றையும் பெரிய தோசைக்கல்லில் போட்டு, இரண்டு கையிலும் தகடு பிடித்துக் கொத்துவார்கள். அந்தச் சத்தமே பெயராகிவிட்டது. கொத்து பரோட்டாச் சத்தம் கேட்டு வளர்ந்த தமிழ்ச் செவிக்கு அது புதிதல்ல. நம்மவர் இரண்டு தோசைத் திருப்பிகளை எடுத்துக் கச்சேரியை ஆரம்பித்தார். தோசைக்கல் நான்ஸ்டிக். கறியில் கறுப்பாகச் சிறு சிறு பொட்டுகள் தென்பட்டன. "மிளகா போட்டிருக்கீங்க?" என்று மகன் கேட்டான். அந்த வாரம் எல்லோரும் தயிர்சாதம் சாப்பிட்டார்கள்.

இவ்வளவுக்கும் ஊரில் அம்மா இருக்கிறார். கேட்டால் சொல்லிவிடப் போகிறார். கேட்கவும் செய்தார்.

"தண்ணி வத்தி எண்ணெ பிரிஞ்சதும் எறக்குடா."

"எத்தனை நிமிஷம்மா ஆகும்?"

"நிமிஷமா? பிரிஞ்சதும் எறக்குடா."

"அதான், எப்ப பிரியும்?"

"பக்கத்துலயே நின்னு பாரு, தெரியும்."

நம்மவர் போனை வைத்துவிட்டு, "பழைய காலத்து ஆளுங்களுக்கு விளக்கத் தெரியல" என்று அலுத்துக்கொண்டார். விளக்கம் அந்த மூன்றே வரியில் முழுசாக இருந்தது.

விளக்கத் தெரிந்தவர் நம்மவர். ஞாயிறு காலை பத்தரை மணிக்குப் போனால் கேட்கலாம். இரும்புச் சட்டியில் எண்ணெய் காய்ந்து, சோம்பும் பட்டையும் பொரிந்து, சின்ன வெங்காயம் வதங்கிக்கொண்டிருக்கும். வெங்காயம் கண்ணாடி நிறத்தில் இருக்கும்போதே பொறுமை இழந்து இஞ்சி பூண்டு விழுதைக் கொட்டி, குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த கறியை மொத்தையாகத் தள்ளிவிடுவார். சட்டி சூடு இழந்து அடங்கிப்போகும். கறியிலிருந்து தண்ணீர் விடும். சாம்பல் நிறத்தில் கொதிக்க ஆரம்பிக்கும். நம்மவர் அப்போது கரண்டியைக் கையில் பிடித்தபடி வாசல் பக்கம் திரும்பி நின்று மனைவிக்குப் பாடம் நடத்துவார்.

"கறி ஏன் செவக்குது தெரியுமா? மையார் விளைவு. லூயி கமில் மையார்னு ஒரு பிரெஞ்சு விஞ்ஞானி 1912-ல சொன்னது. புரதமும் சர்க்கரையும் சூட்டுல சேந்து நூத்துக்கணக்கான புது வாசனையை உண்டாக்கும். அதுக்கு 140 டிகிரி பக்கம் வேணும்."

"அவர் இருக்கட்டும். தீயைக் கூட்டுங்க" என்றார் மனைவி.

மனைவி மையாரைப் படித்ததில்லை. ஆனால் சட்டியில் தண்ணீர் நிற்கிறவரைக்கும் சூடு 100 டிகிரியைத் தாண்டாது, தாண்டாதவரைக்கும் கறி வேகுமே தவிர வறுபடாது என்பதைத்தான் 'தீயைக் கூட்டுங்க' என்ற இரண்டு வார்த்தையில் சொன்னார். விஞ்ஞானி சொன்னது நம்மவர் வாயில் இருந்தது. மனைவி சொன்னது சட்டிக்குப் பயன்பட்டது.

பக்கத்தில் நின்றால் என்ன தெரியும் என்பதையும் சொல்லிவிடலாம். முதலில், மொத்தையாக விழுந்த கறியைக் கரண்டியின் பின்பக்கத்தால் அழுத்தி உதிர்க்க வேண்டும்; வெந்து இறுகிவிட்டால் பிறகு உதிராது. உப்பும் மஞ்சளும் போட்டால் தண்ணீர் இன்னும் கொஞ்சம் விடும். விடட்டும். அந்தத் தண்ணீரிலேயே மெல்லிய தீயில் வெந்தால் போதும். குக்கரில் சொம்புத் தண்ணீர் ஊற்றி விசில் எண்ண வேண்டியதில்லை. முற்றின ஆடு என்றால் கை தண்ணீர் தெளித்து மூடலாம். அரைமணி நேரம் களகளவென்று சத்தம் கேட்கும். வெந்ததும் மூடியை எடுத்துத் தீயைக் கூட்டினால் சத்தம் மெலிந்து, குமிழி பெரிதாகி, ஒரு கட்டத்தில் சடசடவென்று மாறும். தண்ணீர் போய் எண்ணெய் பேச ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். சாம்பல் நிறம் போய்ப் பழுப்பேறும். ஓரத்தில் சட்டி தெரிய எண்ணெய் பளபளக்கும். மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் அந்த நேரத்தில் விழுந்தால் பச்சை வாசனை ஒரு நிமிடத்தில் அடங்கும். தீய்கிற வாசம் வந்தால் ஒரு கரண்டி தண்ணீர். தக்காளி ஒன்றுக்கு மேல் போனால் கறி புளிக்கும், ஈரமும் திரும்பிவிடும். கடைசியில் கறிவேப்பிலை, இடித்த மிளகு, ஆசைப்பட்டால் ஒரு பிடி தேங்காய்ப்பூ. அவ்வளவுதான். இதில் ஒரு நாளில் கற்றுக்கொள்ள முடியாத வித்தை எதுவுமில்லை. அந்தச் சத்தம் மாறுகிற நிமிடத்தில் ஆள் அங்கே இருக்க வேண்டும்.

அந்த நிமிடத்தில்தான் நம்மவர் சமையலறைக்கு வெளியே இருப்பார். ஒரு வாரம் நியூஸ்பேப்பர்க்காரரிடம் பாக்கித் தகராறு. ஒரு வாரம் கிரிக்கெட்டில் விக்கெட். ஒரு வாரம், வேகிற கறியைப் படமெடுத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டு, யார் யார் பார்த்தார்கள் என்று நீல டிக் எண்ணிக்கொண்டிருந்தார். மனைவி வந்து கிளறிவிட்டுப் போவதை அவர் கவனிப்பதில்லை. "பாத்தியா, அடியே பிடிக்கல. இரும்புச் சட்டியோட மகிமை" என்பார்.

பரிமாறுவதும் ஒரு சடங்கு. இடியாப்பமோ பரோட்டாவோ தட்டில் தயாராக இருக்கும். கொத்துக்கறியை அவரே கொண்டுவந்து வைப்பார். கொத்தமல்லித் தழையைத் தூவிவிட்டுத் தள்ளி நின்று பார்ப்பார். படம் எடுக்காமல் ஒருவரும் கை வைக்கக் கூடாது. முதல் கவளம் உள்ளே போகும்போதே, "எப்படி?" என்று கேட்டுவிடுவார். மகன், "நல்லா இருக்குப்பா" என்பான். அவன் இன்னும் மெல்லவில்லை. மகள், "உப்பு…" என்று ஆரம்பித்து அம்மாவின் கண்ணைப் பார்த்து, "…சரியா இருக்குப்பா" என்று முடிப்பாள். மாமியார் வந்திருந்தால் மட்டும் நிலவரம் வேறு. அவர் மருமகனை மரியாதையாகத்தான் பேசுவார்: "ரொம்ப நல்லா இருக்கு மாப்பிள்ளை. ரசம் இருக்கா?"

பிறகு அடுக்களைக்குள் போனால் அங்கே நான்கு கரண்டி, மூன்று சட்டி, இரண்டு வடிகட்டி, மிக்ஸி ஜார், மேடையெல்லாம் மஞ்சள். நளன் தேர் ஓட்டினான், அன்னத்தைத் தூது விட்டான், சமைத்தான் என்றெல்லாம் கேள்விப்பட்டிருக்கிறோம். பாத்திரம் தேய்த்ததாக எங்கும் இல்லை. அந்த மரபை நம்மவர் காப்பாற்றி வருகிறார். சமைத்த களைப்பில் படுத்து, மாலை ஐந்து மணிக்கு எழுந்து, "வீட்டு வேலையெல்லாம் ஒண்ணும் கஷ்டமில்ல. திட்டமிடணும்" என்பார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஆள் விடாக்கண்டர். வாரா வாரம் கெடுத்துக் கெடுத்தே ஒரு நாள் பிடித்துவிட்டார். எப்படி என்று கேட்டால் அவருக்கே தெரியாது. பாய் சொல்லாமலே கொஞ்சம் கொழுப்போடு கொத்திக் கொடுக்க ஆரம்பித்திருந்தார். முழுக்கறியாகக் கழுவி வடியவிட்டுக் கொத்துவது கடையிலேயே வழக்கமாகிவிட்டது. நம்மவர் வீட்டம்மா தனியாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தார். வாங்கிய கறி அன்றே அடுப்பேறியது. கொத்திய கறி முழுக்கறியைவிடச் சீக்கிரம் கெடும், செவ்வாய்க்கிழமைவரை வைத்துப் பார்க்கும் பரிசோதனைகளை மூக்கே நிறுத்திவிட்டது. அன்று மழை வேறு. இணையம் வேலை செய்யவில்லை. போக வேறு இடமில்லாமல் சட்டி முன்னாலேயே நின்றார். சத்தம் மாறியது, காதில் விழுந்தது. தட்டில் விழுந்த கறி உதிரியாக, பழுப்பாக, ஓரம் முறுகி இருந்தது. மகன் கேட்காமலே இரண்டாம் தடவை போட்டுக்கொண்டான். மாமியார் அன்று ரசம் கேட்கவில்லை.

அன்றிலிருந்து அவர் மாணவர் இல்லை, பேராசிரியர். கல்யாண வீட்டில் கோலா உருண்டையைப் பிய்த்துப் பார்த்து, "கடலை மாவு கூடிப்போச்சு" என்பார். மதுரைக்குப் போய்க் கறி தோசை தின்றால், மேலே பரப்பியிருக்கும் கொத்துக்கறியை மட்டும் விரலால் ஒதுக்கி, சர்வரைக் கூப்பிட்டு, "தம்பி, இது மிஷின்ல ரெண்டு தரம் விட்டது. சரியா?" என்பார். பையன், "இன்னொரு தோசை வேணுமா சார்?" என்பான். வீட்டில் மனைவிக்கே சொல்லிக் கொடுக்கிறார்: கறியைக் கழுவிவிட்டுத்தான் கொத்த வேண்டுமாம், தண்ணீர் இருக்கும்வரை தீயைக் கூட்ட வேண்டுமாம். மனைவி முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, "அப்படியா!" என்று கேட்டுக்கொள்கிறார்.

போன ஞாயிறு கோயம்புத்தூரிலிருந்து மைத்துனர் கூப்பிட்டார். அவருக்கும் டாக்டர் ரிப்போர்ட் கொடுத்துவிட்டாராம். கொத்துக்கறி கற்றுக்கொள்ளப் போகிறாராம். நம்மவர் உற்சாகம் தாங்காமல் போனைக் காதில் வைத்தபடி பால்கனிக்குப் போய் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். உள்ளே அடுப்பில் கறி சடசடத்தது. மனைவி போய்த் தீயைக் குறைத்து, தூள்களைப் போட்டு, கிளறி, இறக்கி வைத்தார்.

"ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க மாப்ள" என்று பால்கனியிலிருந்து குரல் வந்தது. "அடுப்பு பக்கத்துலயே நிக்கணும். ஒரு நிமிஷம் அந்தாண்ட இந்தாண்ட நகரக் கூடாது."